போக ஆறே முக்கால், வர ஒன்றே முக்கால்

சிங்கப்பூர் டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் காலை 10 மணிக்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் மாலை 4.45-க்கு இறக்கம். திரும்பி வரும் டிக்கெட்டில் சிங்கப்பூரில் காலை 10 மணிக்குப் புறப்பாடு, திருச்சியில் பகல் 11.45-க்கு இறக்கம். இவை உதாரணத்துக்குச் சொன்ன நேரங்கள். ஆனால் நிஜ அட்டவணைகளின் போக்கும் இப்படித்தான். கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போக ஆறே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம். இடையில் இருப்பது ஒரே கடல், பறப்பதும் ஒரே ரக விமானம்.

புதுக்கோட்டையின் திருக்கோகர்ணத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ ஒருவரையும் அனுப்பாத தெரு குறைவு. திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை சாலையில்தான். கீரனூர், மாத்தூர் தாண்டினால் வந்துவிடும். அங்கே போய் ஆளை ஏற்றிவிட்டு வீடு திரும்பியதும் அம்மாவோ அப்பத்தாவோ கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு எறங்குவான்?” என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குள் பூமியின் உருவம், சூரியன், அரசாங்கங்களின் சட்டம், 12 கி.மீ. உயரத்துக் காற்று எல்லாம் அடங்கியிருக்கின்றன.

முதலில் எளிய கணக்கு. 6.45-ஐயும் 1.45-ஐயும் கூட்டினால் எட்டரை மணி. அதில் பாதி நாலே கால். ஒரு வழிப் பயண நேரம் அதுதான். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 5 மணி, அதில் பாதி இரண்டரை. இரு ஊர்க் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டு டிக்கெட் கையில் இருந்தால் போதும், வேறு யாரையும் கேட்காமல் எந்த இரண்டு ஊர்களுக்கும் இப்படி ஏறத்தாழக் கண்டுபிடித்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டினால் நேர மண்டலம் என்றால் என்ன என்று பாடம் நடத்தவே தேவையில்லை என்பது என் எண்ணம்.

அந்த இரண்டரை மணி எங்கிருந்து வந்தது? சூரியன்தான் காரணம் என்று சொல்லிவிடுவோம். பாதிதான் சரி. பூமி ஒரு முறை சுற்ற 24 மணி, அதாவது 360 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். திருக்கோகர்ணம் ஏறத்தாழ 78.8 டிகிரி கிழக்கில் இருக்கிறது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் 104 டிகிரிக்குப் பக்கத்தில். வித்தியாசம் 25 டிகிரிக்குச் சற்று மேல். நான்கால் பெருக்கினால் 101 நிமிடம். சூரியன் சிங்கப்பூர் உச்சியைக் கடந்து நம் ஊர் உச்சிக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம் 1 மணி 41 நிமிடம்தான். மிச்சமுள்ள 49 நிமிடத்தை மனிதர்கள் சேர்த்தார்கள்.

சேர்த்தது எப்படி என்று பார்த்தால் அதுவே ஒரு சரித்திரம். இந்திய நேரம் 82½ டிகிரி கிழக்குக் கோட்டை வைத்து 1906-ல் வந்தது. அதற்கு முன் நாட்டின் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடம் கணித்துக் கொடுத்த நேரம் அது. 82½ டிகிரிக் கோடு நமக்குக் கிழக்கே போவதால் திருக்கோகர்ணத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 15 நிமிடத்துக்கு. நம் கடிகாரம் சூரியனைவிடக் கால் மணி முந்தி ஓடுகிறது. சிங்கப்பூரின் கதை இன்னும் அலைச்சலானது. 1905-ல் கிரீன்விச்சை விட 7 மணி முன்னே வைத்தார்கள். 1933-ல் 20 நிமிடம் கூட்டினார்கள், 1941-ல் இன்னும் 10 நிமிடம். 1942-ல் ஜப்பானியர் பிடித்ததும் ஊரே டோக்கியோ நேரத்துக்கு மாறியது. போர் முடிந்ததும் பழைய ஏழரைக்குத் திரும்பியது. 1982-ல் மலேசியா தன் தீபகற்பத்தையும் போர்னியோ மாநிலங்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர அரை மணி முன்னே தள்ளியபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. இன்று அங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் ஒரு மணிக்கு மேல். காலை ஏழு மணி நெருங்கியும் அங்கே சரியாக விடியவில்லையே என்று புதிதாகப் போனவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல்வது இதனால்தான்.

கடிகாரத்தை ஒதுக்கிவிட்டுத் தூரத்துக்கு வருவோம். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ 2,980 கி.மீ. இதை யாரும் நாடா பிடித்து அளக்கவில்லை. இரு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் உருண்டை மேல் அவற்றுக்கிடையே போகும் மிகக் குறுகிய வில்லின் நீளத்தைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். பள்ளியில் இருக்கும் 30 செ.மீ. குறுக்களவுள்ள உலக உருண்டையைக் கையில் எடுங்கள். ஒரு நூலைத் திருச்சியில் வைத்துச் சிங்கப்பூர் வரை இழுத்துப் பிடியுங்கள். நூல் தொய்யாமல் நிற்கும் இடம்தான் மிகக் குறுகிய வழி. நூலின் நீளம் 7 செ.மீ. வரும். விமானம் பறக்கும் 11 கி.மீ. உயரம் அந்த உருண்டையில் கால் மில்லிமீட்டர். நூலின் தடிமன் அளவுகூட வராது. அவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று நாம் நினைப்பது பூமியின் தோலை ஒட்டி ஊர்வதுதான். அந்த உயரத்தால் பாதையின் நீளம் கூடுவதும் 5 கி.மீ. மட்டுமே.

நூல் போகும் வழியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சியிலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்குச் சாய்ந்து, காவிரி டெல்டாவைக் கடந்து வேதாரண்யம் பக்கம் கடலுக்குள் இறங்குகிறது. பருத்தித்துறைக்கு வடக்கே ஐம்பது கி.மீ. அளவில் விலகி வங்காள விரிகுடாவைத் தாண்டுகிறது. கிரேட் நிக்கோபாருக்குத் தெற்கே கடந்து சுமத்ராவின் அச்சே கரையைத் தொடுகிறது. மெடான் நகரை ஒட்டிப் போய் மலாக்கா நீரிணை தாண்டினால் சிங்கப்பூர். நிஜ விமானங்கள் வான்வழித் தடங்களில் போவதால் இந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகும். ஆனாலும் போக வேண்டிய வழியின் சாயல் இதுதான்.

சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் இரு ஊர்களுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால்? நூல் போன வழிக்கும் ஸ்கேல் கோட்டுக்கும் நடுக்கடலில் உள்ள விலகல் 20 கி.மீ. சொச்சம்தான். நீளத்தில் அரை கி.மீ. வித்தியாசம்கூட இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குத் தட்டை வரைபடம் பெரிதாகத் துரோகம் செய்வதில்லை. சென்னையையும் டொராண்டோவையும் எடுங்கள், கதை மாறிவிடும். வரைபடத்தில் கோடு போட்டால் அரபு நாடுகள், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். நூலோ சென்னையிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே கிளம்பி, ரஷ்யாவைத் தாண்டி, 73 டிகிரி வட அட்சம் வரை ஏறி, ஆர்க்டிக் பனிக்கடல் வழியாகக் கனடாவில் இறங்குகிறது. நூல் வழி ஏறத்தாழ 13,400 கி.மீ. வரைபடக் கோட்டில் திசைகாட்டியை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு போனால் அதைவிட 2,300 கி.மீ. கூடுதல். கனடாவில் பிள்ளைகள் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் புதுக்கோட்டைப் பெற்றோரும் ஜன்னல் வழியே பனியைப் பார்த்ததாகச் சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உருண்டையில் அதுதான் குறுக்கு வழி.

இந்தக் கணக்கெல்லாம் பூமி எவ்வளவு பெரிது என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் பலிக்கும். அதை அளந்த வேலையில் நம் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்து தன் வேலையைத் தொடங்கினார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பின்னிக்கொண்டு தீபகற்பம் முழுவதும் நகர்ந்தார். மலை இருந்தால் உச்சியில் ஏறிக் கோணம் எடுப்பார். தஞ்சைப் பக்கம் மலை ஏது? கோயில்தான் உயரம். 1808-ல் கோணம் அளக்கும் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயிலின் மேலே கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டம் நெளிந்துபோனது. வேறொருவர் என்றால் லண்டனுக்கு எழுதிவிட்டுப் புதுக் கருவிக்காகக் காத்திருப்பார். லாம்டன் சில வாரங்கள் உட்கார்ந்து, நெளிந்த வட்டத்தை இழுத்து இழுத்தே நேராக்கி அதையே மறுபடி பயன்படுத்தினார். அட்சரேகையின் ஒரு டிகிரிக்கு நிலத்தில் எத்தனை தூரம் என்பதை அறியத்தான் இத்தனை பாடு. இன்று அதை 111 கி.மீ. என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த டிகிரியை 60-ஆகப் பிரித்தால் கிடைப்பது 1.852 கி.மீ., அதாவது ஒரு கடல் மைல். விமானிகள் இன்றும் தூரத்தைக் கடல் மைலில் சொல்வதன் காரணம் இதுதான்: அவர்களுடைய அளவுகோல் பூமியின் சுற்றளவிலிருந்து வெட்டி எடுத்தது.

தூரம் 2,980 கி.மீ. திருச்சிக்கு வரும் ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் மேலே மணிக்கு 840 கி.மீ. அளவில் போகும். வகுத்தால் 3 மணி 33 நிமிடம். டிக்கெட்டிலோ நாலே கால். மீதி நாற்பது நிமிடம் விமானம் மெதுவாகப் போகும் கட்டங்களில் கரைகிறது. டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் இல்லை. நிறுத்திய இடத்திலிருந்து நகரத் தொடங்கி, அங்கே போய் நிறுத்தும் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, சாங்கி போன்ற நெருக்கடியான நிலையத்தில் வரிசைக்குக் காத்திருப்பது, தாமதத்துக்கென்று நிறுவனம் ஒதுக்கி வைக்கும் சில நிமிடங்கள் எல்லாம் அதில் சேர்த்தி.

ஓடுபாதையையே பாருங்கள். திருச்சியின் ஓடுபாதை ஏறத்தாழ 2,480 மீட்டர் நீளம். ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் 90 டிகிரி கிழக்கு, 270 டிகிரி மேற்கு. கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு எழுதுவது உலக வழக்கம். ஆக, ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். இறக்கைக்குத் தேவையான காற்றோட்டம் சீக்கிரம் கிடைப்பது அப்போதுதான். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் ஆண்டில் பாதி நாள் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று. மீதி நாளில் வடகிழக்குப் பருவக் காற்று. மார்கழியில் சிங்கப்பூர் விமானம் பெரும்பாலும் கிழக்கே பார்த்து ஏறி அப்படியே போய்விடலாம். ஆடியில் மேற்கே பார்த்து, அதாவது போக வேண்டிய ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி, பிறகு வளைந்து திரும்ப வேண்டும்.

ஆடி மாதத்தில்தான் இந்தக் கதையின் மிக அழகான பகுதி நடக்கிறது. திருக்கோகர்ணத்தில் செம்மண் புழுதி கிழக்கே பறக்கும். தைலமரங்கள் எல்லாம் கிழக்கே சாயும். தரையில் நிற்பவர் யாரைக் கேட்டாலும் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது என்பார். அவர் கண்ணால் காண்பது அதுதான். அதே நாளில், அதே தலைக்கு மேலே 12 கி.மீ. உயரத்தில், காற்று நேர் எதிர்த்திசையில் கிழக்கிலிருந்து மேற்கே பாய்ந்துகொண்டிருக்கும். இந்தக் கீழைக் காற்றின் ஜெட் ஓட்டத்தை 1950-களில் விளக்கிக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1958-ல் வந்தது. கோடையில் திபெத் பீடபூமி சூடேறுவதால், பூமத்திய ரேகைக்கு மேலே உள்ள காற்றைவிட வடக்கே உள்ள மேல்காற்று வெப்பமாகிவிடுகிறது. உலகத்தின் மற்ற இடங்களில் வழக்கமாக இருக்கும் ஏற்பாடு இங்கே தலைகீழாகிறது. அதனால் மேல்காற்றின் திசையும் தலைகீழாகி, தென்சீனக் கடலில் தொடங்கித் தென்னிந்தியா வழியே ஆப்பிரிக்கா வரை ஓர் ஓட்டம் உண்டாகிறது. 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் அது மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓடும்; விமானங்கள் பறக்கும் உயரத்தில் வேகம் அதைவிடக் குறைவு. மழைக்காலம் முடிந்தால் இந்த ஓட்டமும் அடங்கிவிடும்.

இது டிக்கெட்டை எப்படித் தொடுகிறது என்று பார்ப்போம். எதிர்காற்று மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் சிங்கப்பூர் போகும் விமானத்தின் தரை வேகம் 780. பறக்கும் நேரம் 3 மணி 49 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளத் திரும்பி வரும் விமானத்தின் வேகம் 900. நேரம் 3 மணி 19 நிமிடம். போக்குக்கும் வரவுக்கும் அரை மணி வித்தியாசம். இன்னொன்றையும் கவனியுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக வர 7 மணி 6 நிமிடம். காற்று இருந்தால் 7 மணி 8 நிமிடம். போகும்போது எடுத்துக்கொண்டதைக் காற்று வரும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை, ஏனென்றால் எதிர்காற்றில் நாம் இருப்பது நீண்ட நேரம், பின்காற்றில் இருப்பது குறைந்த நேரம். இது எல்லாக் காற்றுக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தும் கணக்கு. தொடக்கத்தில் இரண்டு டிக்கெட்டை வைத்து எடுத்த நாலே காலும் இரண்டரையும்கூடக் காற்றை மறந்துவிட்டுச் செய்தவைதான். நிறுவனங்கள் அட்டவணை போடும்போது இந்தக் காற்றையும் கணக்கில் சேர்த்தே போடுகின்றன.

இங்கே பிள்ளைகள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பார்கள். பூமிதான் சுற்றுகிறதே, விமானம் மேலே போய் அப்படியே நின்றால் கீழே ஊர் ஊராக வந்துவிடாதா? அருமையான கேள்வி. கலிலியோ காலத்து அறிஞர்களையே திணறடித்த கேள்வி. திருக்கோகர்ணத்தில் கோகர்ணேஸ்வரர் குடைவரை குடையப்பட்ட பாறை மணிக்கு 1,640 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. பாறை மட்டுமா, அருங்காட்சியகமும் பேருந்தும் ஓடுபாதையும் விமானமும் அதைச் சுற்றியுள்ள காற்றும் எல்லாமே அதே வேகத்தில்தான். ஓடும் ரயிலில் மேலே தூக்கிப் போட்ட ஆரஞ்சுப் பழம் பின்பெட்டிக்குப் போகாமல் நம் கைக்கே வருவது போல, ஏறும் விமானமும் அந்த வேகத்தைக் கூடவே கொண்டு ஏறுகிறது. காற்று என்று நாம் சொல்வது, இந்தப் பெரிய வேகத்தில் ஏற்படும் சிறிய ஏற்ற இறக்கம்தான். மேலே கிழக்கிலிருந்து 60 கி.மீ. காற்று வீசுகிறது என்றால் அந்தக் காற்று 1,640-க்குப் பதில் 1,580-ல் கிழக்கே போகிறது, அவ்வளவே.

பூமிக்கு வெளியே தூரத்தில் ஒருவர் நின்று, பூமியோடு சுழலாமல், நம் இரண்டு விமானங்களையும் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் போகும் விமானம் 2,400 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் கிழக்கே பாய்வது அவருக்குத் தெரியும். திருச்சிக்கு வரும் விமானமோ மேற்கே பார்த்து 900-ல் பறக்கிறது. பூமி அதைக் கிழக்கே 1,640-ல் எடுத்துச் செல்கிறது. கழித்தால் 740. ஆக அந்த விமானமும் கிழக்கேதான் போகிறது, வால் முன்னே, மூக்கு பின்னே! ஊருக்குத் திரும்பி வருகிறோம் என்று உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள், பின்னோக்கி நகரும் விமானத்தைத் திருச்சி வந்து பிடிக்கும் வரை காத்திருக்கிறார்கள் என்றே சொல்லலாம். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு மகிழ்ச்சி தரும் கணக்கு இது.

நம் தடத்தில் காற்று அரை மணி விளையாடினால் மற்ற இடங்களில் அது மணிக்கணக்கில் விளையாடுகிறது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5,500 கி.மீ. சொச்சம். அங்கே மேலைக் காற்று. கிழக்கே வரும் விமானம் மேற்கே போவதைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்திவிடுவது சாதாரணம். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கில் கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது தூரம் ஏறத்தாழ 1,400 கி.மீ. கூடியது, பயண நேரமோ இரண்டு மணி அளவுக்குக் குறைந்தது. பூமி சுற்றும் திசையில் ஓடும் மேலைக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டதால் வந்த லாபம். தூரத்தை நூலால் அளந்துவிடலாம், நேரத்தை அன்றைய வானம்தான் சொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தூரமே இல்லாமல் நேரம் மட்டும் ஓடுவதும் உண்டு. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியில் கிளம்பிய ஷார்ஜா விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 140-க்கும் மேற்பட்டோர் உள்ளே. எரிபொருள் நிறைந்த கனத்தோடு இறங்குவது ஆபத்து. அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடவும் வழியில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிச் சுற்றி எரித்துத் தீர்த்துவிட்டுப் பத்திரமாக அதே ஓடுபாதையில் இறக்கினார்கள். அந்த நேரத்தில் கொழும்புக்குப் போய்த் திரும்பியிருக்கலாம்.

கொழும்பு என்றதும் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையம் 420 கி.மீ. புதுக்கோட்டையிலிருந்து சாலை வழியாகச் சென்னை போகும் தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். லண்டனுக்கும் பாரிசுக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம். வானத்தில் முக்கால் மணி நேரம். டிக்கெட்டில் ஒரு மணி நேரம் சொச்சம். 2006 முதல் இலங்கைக் கடிகாரமும் நம்முடையதும் ஒன்று என்பதால் அங்கே கழிக்கக் கூட்ட ஒன்றுமில்லை. ஆனால் திருக்கோகர்ணத்து வீட்டிலிருந்து கணக்குப் போட்டால்? விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம், வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது, அங்கே இறங்கி குடியேற்ற வரிசை, பெட்டி, ஊருக்குள் போகும் வண்டி. ஆறு மணி நேரத்தைத் தொட்டுவிடும். சென்னைக்குப் பேருந்தில் போனால் ஆகும் நேரத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. லண்டன்–பாரிஸ்காரர்கள் இதை எப்போதோ கணக்குப் போட்டுவிட்டார்கள். அங்கே கடலுக்கடியில் 1994-ல் திறந்த சுரங்கம் வழியே ரயில் இரண்டே கால் மணி அளவில் ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்குக் கொண்டுபோய் விடுவதால் பலர் விமானத்தின் பக்கமே போவதில்லை.

நம் தாத்தாக்கள் சிங்கப்பூருக்கு ரஜூலா கப்பலில் போனார்கள். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒரு வாரம். ஒரு வாரம் நாலே கால் மணியாகச் சுருங்கியதை ஒரு தலைமுறை தன் வாழ்நாளிலேயே பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு சுருக்கம் நின்றுவிட்டது. 1958-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 707-ன் வேகம் இன்றைய விமானங்களின் வேகத்துக்குக் குறைந்ததில்லை, சற்றுக் கூடுதல்தான். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை சட்டென்று ஏறிவிடும், எரிபொருள் செலவு கட்டுப்படி ஆகாது. அதைத் தாண்டிப் பறந்த கான்கார்டும் 2003-ல் நின்றுபோனது. மேலே இனி மிச்சம் பிடிக்க அதிகமில்லை. 2024-ல் திருச்சியில் திறந்த புது முனையத்தில் வரிசை வேகமாக நகர்ந்தால், கீரனூர் சாலையில் நெரிசல் குறைந்தால், சிங்கப்பூர் பயணத்தில் இன்னும் ஒரு மணி நேரம் குறையும். கோட்டீஸ்வரம் காட்டிய காற்று ஆடியில் எடுத்துக்கொள்வதைப் போல அது நாலு மடங்கு.